வாயில் ஒரு கிராம்பு

அப்பா,

நம் வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறேன். சாவியைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டால் கிராம்புதான் வருகிறது. ஒன்று நகக்கண்ணில் குத்திக்கொண்டே வந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில், மலைச்சரக்குக் கடையில் கணக்கு எழுதிவிட்டு நீங்கள் வீடு திரும்பும்போது உங்கள் சட்டையில் வருமே, அதே மணம். காலையில் சாவியை மேசைமேலேயே வைத்துவிட்டு வந்தது அப்புறம்தான் உறைத்தது. இன்னொரு சாவி தம்பி தாணுவிடம் இருக்கிறது. அவன் வேலை முடிந்து வர வேண்டும்.

கடைசி வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். நம்ம தாணு வேலைக்குப் போயிருக்கிறான். கல்யாணம், துக்கம் என்று மூன்று பேருமாகக் கிளம்பும் நாளைத் தவிர இந்த நேமம் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கி நான் பார்த்ததில்லை. உள்ளே எப்போதும் தாணு இருப்பான். அவன் இருந்தால் நீங்களோ நானோ, இல்லாவிட்டால் எதிர்வீட்டு சேச்சியோ கூட இருந்தாக வேண்டும். இன்றைக்கு அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெளியில் நிற்கிறாளே என்று என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். எனக்கோ சிரிப்பாக வருகிறது. பூட்டின வீட்டைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுகிறவள் இந்தத் தெருவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லக்கூட வராது. அவன் பள்ளிக்கூடம் சேருமுன்பே அம்மா போய்விட்டாள். அதன்பிறகு அவனுக்கு எல்லாம் நீங்கள்தான். தலை சீவியது, பொத்தான் போட்டது, மீன் முள் எடுத்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அவனுக்குப் பதிலாகப் பேசியது. யார் அவனிடம் என்ன கேட்டாலும் பதில் உங்கள் வாயிலிருந்து வரும். "வயிறு வலிக்குதா மோனே?" என்று டாக்டர் கேட்பார். "நேத்து கொஞ்சம் இருந்துது, இப்ப இல்ல" என்பீர்கள். "மீசை வச்சுக்கிடுதியா?" என்று முடிவெட்டுகிறவர் கேட்டால், "அவனுக்கு மீசை பிடிக்காது" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வரும். அவனுக்கு மீசை பிடிக்காதென்று உங்களுக்கு எந்த அசரீரி சொன்னதோ தெரியாது. உங்களைப் பார்த்து நானும் அப்படியே பேசிப் பழகினேன்.

அன்பு என்றுதான் அதற்கு நாம் பெயர் வைத்திருந்தோம். அன்புதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குள்ளே ஒரு பயமும் இருந்தது. இருட்டத் தொடங்கினால் நீங்கள் அதைச் சொல்லுவீர்கள். "நான் போயிட்டேன்னா அவனுக்கு அது புரியவே செய்யாது மக்ளே. பஸ் வரும்போதெல்லாம் கேட்டுல வந்து நின்னு எனக்காகப் பாத்துக்கிட்டே இருப்பான், கேட்டியா." அந்தப் படம் என் மனசிலும் அப்படியே பதிந்துபோயிற்று.

சோஷியல் வொர்க் படிக்கும்போது பயிற்சிக்காக அயர்லாந்துக்கு அனுப்புகிறார்கள் என்று வந்து சொன்னேன். மாற்றுத்திறனாளிகள் அங்கே எப்படிப் படிக்கிறார்கள், எப்படி வேலைக்குப் போகிறார்கள் என்று பார்த்துப் பழகிவிட்டு வர வேண்டும். நீங்கள் மறுப்பீர்கள் என்று சண்டைக்குத் தயாராகத்தான் வந்தேன். நீங்கள் உடனே சரியென்றது எனக்குச் சந்தேகமாக இருந்தது. விமான நிலையத்தில் வைத்துத்தான் காரணத்தைச் சொன்னீர்கள். "அங்க இந்த மாதிரிப் பிள்ளைகளக் கொண்டு விடுத நல்ல எடம் இருக்கும்லா. எப்படி நடத்துதாங்கன்னு பாத்துட்டு வா. இங்கயும் அது மாதிரி ஒண்ணு தேடிக் கண்டுபிடிச்சிரலாம். நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

போய் இறங்கியதிலிருந்து வீடியோ காலில் ஒரே கேள்விதான். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால், "எடம் பாத்தியா?" தாணு உங்கள் தோளுக்குமேல் தலையை நீட்டிக் கையாட்டிக்கொண்டிருப்பான். நான் எந்த இடத்தைச் சொல்லட்டும்? அங்கே எனக்குக் காட்டியது சாதாரணப் பள்ளிக்கூடம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். தாணுவைப் போல ஒரு பையனுக்கு உதவிக்கு வைத்திருந்த டீச்சர்கூட அவன் பக்கத்தில் உட்காரவில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் பின்னால் இருந்தார். அப்புறம் பஸ் பாடம். அதைப் பஸ்ஸிலேயே நடத்துகிறார்கள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள், பிறகு இரண்டு இருக்கை தள்ளி, பிறகு கடைசி வரிசையில், அப்புறம் இறங்குமிடத்தில் மட்டும் ஒருவர் நிற்பார். இதைச் சொன்னபோது உங்கள் முகம் கறுத்துப் போயிற்று. "பிள்ளையத் தனியா பஸ்ல விடுதாங்களா? சவங்களுக்கு இரக்கமே கெடையாதா?" என்று கேட்டுவிட்டு போனைத் தாணு கையில் கொடுத்துவிட்டீர்கள்.

எனக்கும் அங்கே ஒரு அடி விழுந்தது. நோரா என்று ஒரு அம்மா. படித்து முடித்தவர்களுக்கு வேலை தேடிக்கொடுத்து, அங்கே அவர்கள் பழகும்வரை துணை நிற்பது அவர் வேலை. அவரோடும் ஷான் என்ற இளைஞனோடும் ஒரு செடிக்கடைக்கு நேர்முகத்துக்குப் போனேன். கடைக்காரர் ஷானிடம், "என்ன வேலை பிடிக்கும்?" என்று கேட்டார். ஷான் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நம் வீட்டுப் புத்தி எங்கே போகும்? "அவருக்குச் செடிக்குத் தண்ணீர் விடப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். ஷான் மெதுவாக என் பக்கம் திரும்பி, "இது உன் நேர்முகமா, என்னுடையதா?" என்று கேட்டான். கடைக்காரர் சிரித்தார். நோரா சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. அவர் வாயில் ஒரு பெப்பர்மின்ட் இருந்தது.

திரும்பும் வழியில்தான் காரணம் சொன்னார். ஒவ்வொரு நேர்முகத்துக்கும் உள்ளே போகுமுன் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வாராம். முந்திக்கொண்டு பேசாமல் இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதானாம். இத்தனை காலம் இந்த வேலை பார்த்தும் தன் வாயைத் தானே நம்பமுடிவதில்லை என்றார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. தண்ணீர் விடுவது ஷானுக்குப் பிடிக்கவே பிடிக்காது, விலைச்சீட்டு ஒட்டத்தான் பிடிக்கும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் ஒரு பொட்டலம் நாரங்கா மிட்டாய் வாங்கி உங்கள் முன்னால் வைத்தேன். தாணுவிடம் யார் என்ன கேட்டாலும் உடனே ஒன்றை வாயில் போடுங்கள், அவன் பேசுகிறவரை நீங்கள் பேசக்கூடாது என்றேன். "எடம் பாத்துட்டு வாடின்னு அனுப்புனா மிட்டாய் வாங்கிட்டு வந்திருக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். அதோடு உங்களுக்குச் சுகர் வேறு. மறுநாள் கடையிலிருந்து வரும்போது ஒரு கைப்பிடி கிராம்பு கொண்டுவந்தீர்கள். "இதுன்னா சுகர் ஏறாது." எனக்காகத்தான் செய்தீர்கள். நம்பிக்கை எல்லாம் உங்களுக்கு இல்லை, அது எனக்குத் தெரியும்.

வலியசாலையில் நடந்த அந்தக் கல்யாணம் உங்களுக்கு மறந்திருக்காது. இலையில் போளி வைத்து அதன்மேல் பால் பாயசம் ஊற்றிக்கொண்டே வந்த பையன், "தாணு அண்ணாச்சிக்கு?" என்று கேட்டான். அவனுக்கு இனிப்பு வேண்டாம் என்று சொல்ல நீங்கள் வாயைத் திறந்துவிட்டீர்கள். நான் உங்கள் காலை மிதித்தேன். சட்டைப்பையிலிருந்து கிராம்பு வாய்க்குள் போனது. பையன் வாளியோடு நிற்கிறான், பின்னால் பந்தி பரிமாறுகிறவர்கள் முண்டுகிறார்கள், தாணு இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் சொன்னான்: "போளி ரெண்டு. பாயசம் நெறைய. எப்பவும் அப்பாதான் வேண்டாம்னு சொல்லுவாரு." பந்தியே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், கண்ணும் கலங்கிவிட்டது. கிராம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தீர்கள். பஸ்ஸில் வரும்போது, "இத்தன வருசமும் அவனுக்குப் பிடிக்காதுன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அன்றிலிருந்து உங்கள் பையில் கிராம்பு இல்லாத நாள் இல்லை. தாணுவும் மீசை வளர்க்கத் தொடங்கினான்.

அப்புறம் ஒரு காலை கடைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அதோடு முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் தாணுவை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்கள்: "அவனுக்கு விவரம் தெரியுமா?" காரியங்கள் முடிந்ததும் அவன் சாயங்காலத்தில் கேட்டுக்குப் போய் நிற்கத் தொடங்கினான். எதிரே பஸ் நிறுத்தம். ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பான். நீங்கள் சொன்ன அதே படம் அப்பா. நான் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உங்கள்மேல் கோபம்கூட வந்தது, இப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய்விட்டீர்களே என்று. என்ன பார்க்கிறான் என்று அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லுவான் என்ற பயம்தான்.

உங்கள் சாலைக் கம்போளத்துக்குப் பக்கத்திலேயே, கிழக்கே கோட்டையில் ஒரு பெரிய துணிக்கடையில், வாடிக்கையாளர்கள் விரித்துப் பார்த்த சேலைகளை மறுபடி மடித்து அடுக்க ஆள் எடுத்தார்கள். தாணுவுக்கு விளிம்பு பிசகாமல் மடிக்க வரும். கூட்டிக்கொண்டு போனேன். மானேஜர் ஒரு மலையாள அம்மா. நாங்கள் உட்காருமுன்பே நான் கிராம்பைக் கடித்துக்கொண்டேன். பெயர் கேட்டார், சொன்னான். சேலை ஒன்றைக் கொடுத்தார், மடித்தான். பிறகு, "ஒற்றய்க்கு வருமோ?" என்று கேட்டார். தனியாக வருவாயா என்று. கேட்டது அவனிடம், பார்த்தது என்னை.

நான் கொண்டுவந்து விடுவேன் மேடம், என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கிராம்பைக் கடித்த கடியில் கண்ணில் நீர் வந்தது. தாணு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை கைவிட்டுப் போகிறது என்றே நினைத்தேன். பிறகு நிமிர்ந்து, பள்ளிக்கூடத்தில் படித்த மலையாளத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்: "அச்சன் மரிச்சு போயி. இனி ஞான் ஒற்றய்க்கா வரும்."

அப்பா செத்துப்போய்விட்டார், இனி நான் தனியாகத்தான் வருவேன். அவ்வளவுதான் அப்பா. அவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. நாங்கள் யாரும் அவனிடம் கேட்கவில்லை. அந்த அம்மாவின் முன்னால் நான் அழுததை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அன்று சாயங்காலமும் கேட்டில் நின்றான். நானும் போய்ப் பக்கத்தில் நின்று, "என்னத்தப் பாக்க?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கிராம்பைப் போட்டுக்கொண்டேன். இரண்டு வண்டி போயிற்று. மூன்றாவது வரும்போது கையைக் காட்டினான். "அப்பா போற வண்டி. கோட்டைக்கு." எந்த வண்டி கோட்டைக்குப் போகும், எது திரும்பிவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நீங்கள் போன வழியைப் படித்துக்கொண்டிருந்தான்.

இருந்தாலும் அயர்லாந்துப் பாடத்தை விட மனசு வரவில்லை. முதலிரண்டு நாள் பஸ்ஸில் அவன் கூடவே நின்றேன். அடுத்தது பின்னால் உட்கார வேண்டும். நம்ம பஸ்ஸில் பெண்களுக்கு இடம் முன்னால்தானே? நான் முன்னால் போய் உட்கார்ந்தேன், அவன் பின்னால். திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. ராத்திரி தூக்கமில்லாத களைப்பில் கரமனை தாண்டுமுன் தூங்கியே விட்டேன். "அக்கா, கோட்டை. எறங்கு" என்று தோளைத் தட்டி எழுப்பினான். யார் யாருக்குப் பாடம் நடத்தினது என்று நோராவுக்கு எழுத வேண்டும்.

நீங்கள் தேடச் சொன்ன இடத்தை நான் கண்டுபிடிக்கவில்லை அப்பா. கொண்டு விடுவதற்கு அவன் ஒரு பொட்டலமா? ஆனால் நீங்கள் கேட்ட நிம்மதி கிடைத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

இப்போது எதிர்வீட்டு சேச்சி கேட்டுக்கு வந்து, "தாணுவுக்கு ராத்திரி சப்பாத்தி மதியோ?" என்கிறார். சப்பாத்தி போதுமா, சுட்டுத் தரட்டுமா என்று. வழக்கமாகச் சப்பாத்திதான். சொல்ல வாயெடுத்தேன். கையிலிருந்த கிராம்பை உள்ளே போட்டுக்கொண்டு, அவன் வரட்டும், அவனிடமே கேளுங்கள் என்று கையால் காட்டினேன். சேச்சிக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கோட்டையிலிருந்து வரும் வண்டி நிற்கிறது. தாணு இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைக் கடந்து வருகிறான். கழுத்தில் கடை அடையாள அட்டை. கேட்டைத் திறந்தவன் என்னைப் படியில் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"அக்கா, இங்க இருந்து யாரப் பாக்க?"

இது என்னிடம் கேட்ட கேள்வி. கிராம்பைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

"ஒன்னத்தாம்டே."