கூச்சம் போக்கும் சொட்டு மருந்து

அன்பும் மரியாதையுமாக என் வீட்டுக்காரருக்கு,

நானும் சின்னவளும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உங்கள் நலத்தைக் கேட்க வேண்டியதே இல்லை. நீங்கள் எழுதிய நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் அதுதானே!

நீங்கள் கண்டுபிடித்த கூச்சம் போக்கும் மருந்து வந்து சேர்ந்தது. பத்து வருஷமாக மனசில் இருப்பதைச் சொல்லத் தெரியாதவள் நான், அதனால் தினம் இரண்டு சொட்டு குடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரி. அதே கடிதத்தில், உங்கள் ஆய்வுக்கூடத்து உதவியாளப் பெண் இதைக் குடித்துவிட்டு, உங்கள் விரல்கள் அழகு என்று எல்லார் முன்னாலும் சொன்னாள் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டதாம். அடேயப்பா! அமிலம் பட்டு வெந்த அந்த விரல்களுக்கு ஆறு வாரம் கட்டுப் போட்டவள் நான். அழகு மட்டும் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் இருமிக்கொண்டே அலமாரியைத் திறந்து, இருமல் மருந்து என்று நினைத்து உங்கள் குப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டார். நேரே கீழே குடியிருப்போர் கூட்டத்துக்குப் போய், செயலாளரிடம், அந்த ஒட்டுமுடியைக் கழற்றி வையுங்க, தலைக்குக் காத்தாவது படட்டும் என்றாராம். நானும் அண்ணியும் ஓடிப் போய்ச் சேர்ந்ததும் நாற்காலிமேல் ஏறி, உன்னைப் பாக்காம ஒரு நாள்கூட என்னால இருக்க முடியாதுடி என்று அண்ணியைப் பார்த்து அழுதார். ஊரே சிரித்தது. அண்ணி முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்கோ அண்ணிமேலும் பொறாமை, அந்த உதவியாளப் பெண்மேலும் பொறாமை. தினமும் உங்களைப் பார்க்கிற உங்கள் மேசைமேல்கூடப் பொறாமை.

சோதனை முடியவில்லை என்று விடுமுறையை மூன்றாம் முறையாகத் தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். சோதனை மருந்துக்கா, எனக்கா?

இத்தனை எழுதிவிட்டாளே, மருந்து வேலை செய்கிறது என்று குறிப்பேட்டில் பதிந்துவிடாதீர்கள். குப்பியைக் காலி செய்தவர் உங்கள் அண்ணன். என் நாக்கில் ஒரு சொட்டும் படவில்லை.

நீங்களும் ஒரு சொட்டும் குடிக்காமல் பதில் எழுதுங்கள். வருகிறேன் என்ற ஒரு வார்த்தை போதும். அதை எழுதும் விரல்கள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவற்றுக்குக் கட்டுப் போட்டவள்