முரசறைந்தவர் கேளாத அழைப்பு

நலம் பெருகுக! மழை பொய்க்காத மேழிமலை நாட்டின் கோமகனார், பகைவரும் புகழும் கோச்சேந்தனாரின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சர் ஆதன் அழிசியார், வடவாயில் மருத்துவச் சாலையின் கண்காணி எயினனாருக்கு விடுக்கும் ஓலை. உமது சாலையும் அதன் மூலிகைத் தோட்டமும் செழிக்க. உம் இல்லத்தார் நோயின்றி வாழ்க.

முதுமை எய்திய படைவீரர்க்கு ஆயுள் உள்ளளவும் சோறும் மருந்தும் தரவேண்டும் என்று கோமகனார் ஆணையிட்டதும், அது தெருத்தோறும் பறையறைந்து சொல்லப்பட்டதும் நீர் அறிந்தவை. முற்றத்தில் கூடுவோரைப் பெயர் சொல்லி மும்முறை அழைப்பது, மறுமொழி தராதவரை வராதவராகக் கொள்வது என்று முறை வகுத்தவர் நீர். ஒழுங்கான முறை என்றே அவையில் எல்லோரும் தலையாட்டினர், அமைச்சரும் கூட.

அம்முற்றத்துக்குப் பூதனார் என்னும் முதியவர் வந்தார். ஆற்றங்கரைப் போரில் யானைமேல் இருந்து முரசறைந்தவர் அவர். படை பின்வாங்கிய பொழுதும் அவர் கை ஓயவில்லை. அம்முழக்கம் கேட்டே ஓடியவர் திரும்பினர், நாடு பிழைத்தது. அதே முழக்கம் அவர் இரு செவிகளையும் பறித்துக்கொண்டது. இப்போது காலில் ஒரு புண் புரையோடி அவரை வாட்டியது.

தெருவில் பறை அதிர்வதைக் காலடி மண்ணில் உணர்ந்தார். சொன்னது இன்னதென அறியார். அரசர் மருந்து தருகிறார், போய் நில்லும் என்று மனைவி நக்கையார் கைச்சாடையால் உணர்த்த, கோலூன்றி வந்தார். வீரர் அல்லாதார் உள்ளே நுழையலாகாது என்பதும் உமது முறையே. ஆகவே நக்கையார் முற்றத்துக் குரல் எட்டாத வெளிவாயிலில் நின்றார். உள்ளே, கூட்டத்தில் எவர் எவரென அறியாத உம் காவலர், பூதனார் பெயரை அதற்குரிய பட்டங்களோடு, மற்றெவர் பெயரினும் உரக்க அழைத்தார். பூதனாரோ அவருக்கு எதிரிலேயே நின்றார். மற்றவர் ஒவ்வொருவராக உள்ளே போவதைக் கண்டும், ஏவல் இன்றி அடியெடுத்து வைப்பது படைக்கு அழகன்று எனக் காத்திருந்தார். மாலையில் வெளியே வந்து, அரசர் இன்னும் அழைக்கவில்லை என்று மனைவிக்குச் சொன்னார். அடுத்த முறையும் அதுவே, அதற்கடுத்த முறையும் அதுவே.

புண் தொடைவரை ஏறிய பின் நக்கையார் வாயிலில் வந்து மன்றாடினார். உம் கணவர் ஒருநாளும் வரவில்லையே, தொண்டை வற்ற அழைத்தோமே என்றார் காவலர். உம் முன்னேதான் நின்றார், அவருக்குக் காது கேளாதே ஐயா என்று அவ்வம்மை சொல்ல, காவலர் மருத்துவரிடம் ஓடினார். மருத்துவர் விரைந்தனர். விரைந்து என்ன பயன்? அவர்கள் போய்ச் சேர்கையில் தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

கோமகனார் அன்று உணவைத் தொடவில்லை. அமைச்சருக்கும் மனம் ஆறவில்லை, எயினனாரே. எந்த அரசருக்காகச் செவி இழந்தாரோ, அந்த அரசர் தம்மை மறந்துவிட்டார் என்று நம்பியே அம்மனிதர் கண்மூடினார்.

ஆகவே ஆணை: இனி அச்சாலையில் எவரையும் பெயர் சொல்லி அழைக்கலாகாது. நிற்பவர் ஒவ்வொருவரிடமும் நீரே நடந்து சென்று, கைப்பற்றி உள்ளே கூட்டி வருக. அப்போரில் முரசறைந்தவருள் எஞ்சியிருந்தவர் பூதனார் ஒருவரே. அவருக்கு இவ்வாணை உதவாது. ஆயினும் செய்க. நக்கையாருக்கு அனுப்பிய சோற்றை அவர் திருப்பிவிட்டார். தம் கணவர் பெயரை அம்முற்றத்தில் இனி எவரும் கூவலாகாது என்பது ஒன்றையே கேட்டார், அதையும் காக்க.

மேழி பொறித்த அரச இலச்சினை இட்டோம். கண்ட பொழுதே நிறைவேற்றுக. இவ்வோலையை முற்றத்தில் உரக்கப் படிக்க வேண்டா. கேட்க வேண்டியவர் இல்லை.