எதையும் "எனக்கு" என்றே சொன்ன அக்காவுக்கு

அக்கா,

பக்கத்துக் கட்டிலில் யாரோ தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள். அந்த வாசம் வந்தால் நீங்கள் தைலம் பூசிக்கொண்டு புத்தகத்தோடு வராந்தாவில் நடக்கிறீர்கள் என்று அர்த்தம். இனி அப்படி இல்லை என்பது என் மூக்குக்கு இன்னும் தெரியவில்லை. போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வார்டன் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் அணைத்துவிடுவேன். நாளைக் காலை நம் குழுவில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயமாக இருக்கிறது.

நம் பவானி ஹவுஸில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லா வகுப்பும் கலந்த குழுக்கள். வகுப்புக்கு முன்னால் குழு மிஸ்ஸோடு வட்டமாக உட்காருவோம். மூத்தவள் பக்கத்தில் இளையவள். மிஸ்ஸிடம் சொல்லக் கூசுவதைச் சின்னவள் பெரியவளின் காதில் சொல்ல, பெரியவள் எழுந்து அதைத் தன்னுடையதாகச் சொல்ல வேண்டும். "அவளுக்கு" என்று சொல்லக் கூடாது, "எனக்கு" என்றுதான். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்களோ தெரியாது. உங்களைப் போல அதைச் செய்தவர்கள் யாரும் இல்லை.

எருமப்பட்டியிலிருந்து தன்ஷிகா ஆறாவதில் வந்து சேர்ந்த புதிது. நீங்கள் ஹவுஸ் கேப்டன். எழுந்து நின்று, "மிஸ், எனக்கு அம்மா நெனப்பாவே இருக்குதுங்க. சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்றீர்கள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

"ஏனுங்க கேப்டன், பால் பாட்டில் கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டது நான்தான்.

"கொண்டா அம்முணி. சக்கர தூக்கலாப் போட்டுக் கொண்டா."

தன்ஷிகா முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகு குழாயடியில், "வெக்கமா இல்லீங்களாக்கா?" என்று கேட்டேன். "என்னையப் பாத்துச் சிரிச்சு முடிச்சுட்டா, அவளப் பாத்துச் சிரிக்க மிச்சமிருக்காதில்ல?" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவினீர்கள்.

மழை பிடித்திருந்த ஒரு காலை. நீங்கள் எழுந்தீர்கள். "மிஸ், எனக்கு ஒடம்பு செரியில்லீங்க. ஊட்டுக்குப் போகோணுமுங்க."

நாங்கள் எல்லோரும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன்ஷிகாவைப் பார்த்தோம். மிஸ் அவள் நெற்றியில் கை வைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க மிஸ்."

"கூச்சப்படாத சாமி" என்று மிஸ் அவள் கையைப் பிடித்து எழுப்பினார்.

"நெசமாலும் எனக்குத்தானுங்க மிஸ்" என்றீர்கள். நாங்கள் இன்னும் பலமாகச் சிரித்தோம். அந்த அளவுக்கு நன்றாகச் சொல்வீர்கள் நீங்கள். எங்களைப் பார்த்து உங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு காய்ச்சல் அறையில் உட்கார்ந்திருந்தது தன்ஷிகா.

அதற்கப்புறம்தான் நீங்கள் மாடிப்படியில் மயங்கி விழுந்தீர்கள். பரமத்தி வேலூரிலிருந்து உங்கள் அப்பா வந்து தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் திரும்பவில்லை. கொஞ்சம் முன்னாலேயே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மிஸ் இப்போதெல்லாம் யார் நெற்றியையும் தொடுவதில்லை.

பதினொன்றாவது படிக்கும் நான்தான் இப்போது குழுவில் மூத்தவள். உங்கள் இடத்தில் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்கள். இன்று சாயங்காலம் தன்ஷிகா என் காதில் சொன்னாள். தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுகிறாளாம். வார்டன் அம்மா ஈரப் போர்வையை அவள் தோளில் போட்டு வராந்தாவில் நிற்கவைக்கிறார்களாம். வெளியே சொன்னால் சாப்பாட்டு ஹாலிலேயே நிற்கவைப்பார்களாம்.

அப்படியென்றால் நாளைக்கு நான் எழுந்து, "நான் படுக்கைய நனைச்சுட்டனுங்க மிஸ், வார்டன் அம்மா ஈரப் போர்வையோட நிக்கவெக்கறாங்க" என்று சொல்ல வேண்டும். மத்தியானத்துக்குள் நாலு ஹவுஸுக்கும் தெரிந்துவிடும். வார்டன் அம்மாவுக்கும் தெரிந்துவிடும். அடுத்த வருடமும் நான் இந்த விடுதியில்தான் இருக்க வேண்டும். நீங்கள் எப்படித்தான் எழுந்து நின்றீர்களோ!

எழுத முடியாமல் இப்போது எழுந்து அவள் கட்டிலுக்குப் போனேன். தூங்கினால் நனைத்துவிடுவோம் என்று விழித்துக்கொண்டே கிடந்தாள்.

"காத்தால நான் சொல்லிடறன் சாமி, நீ தூங்கு."

"உங்களப் பாத்துச் சிரிப்பாங்களேக்கா."

"சிரிக்கட்டும்."

என் பக்கம் புரண்டு படுத்தாள். பிறகு, "உங்களுக்கு எதாச்சும்னா நீங்க யாரு காதுல சொல்லுவீங்க?" என்றாள்.

அக்கா, உங்களிடம் இதை நாங்கள் ஒருத்தியும் கேட்டதில்லை.

நான் குனிந்து, வார்டன் அம்மாவை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவள் காதில் சொன்னேன். அவள் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அத நான் சொல்லிடறனுங்க. எனக்குன்னே சொல்லிடறேன்."

உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதில் ஒன்றை மட்டும் மாற்றப்போகிறோம். நாளைக்கு இரண்டு பேரும் எழுந்து நிற்போம். சொல்லி முடித்ததும், எது யாருடையது என்பதையும் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவோம்.