அம்மா பெயர் ஒட்டிய பாட்டில்

அன்புள்ள என் கண்ணுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும், அவளுடைய முட்டிவலியும் என்னுடைய வாயும் சேர்ந்து, நலமாகவே இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் அன்றைக்கே தீர்த்துக்கொண்டு நலமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இதென்ன திடீரென்று கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா என் தோளோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஸ்பீக்கரைப் போடுங்க, ஸ்பீக்கரைப் போடுங்க என்கிறாள், அவளைப் பற்றி அவள் எதிரிலேயே எப்படிப் பேசுவது? இப்போது வேலைக்குப் போயிருக்கிறாள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, இன்றைக்காவது பாருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஊரார் வீட்டுக் குழாயையெல்லாம் ஓடி ஓடிப் போய்ச் சரிசெய்கிறவன் சொந்த வீட்டுக் குழாயைத் தொடுவதில்லை என்று அவளுக்கு நெடுநாள் குறை. சொட்டட்டும். இதை எழுதி முடித்துவிட்டுப் பார்க்கிறேன்.

விஷயம் சிறுநீரைப் பற்றியது. மூக்கைச் சுளிக்காதே, கொஞ்சம் பொறுமையாகப் படி. அம்மா வேலை பார்க்கிற கடைக்குப் போன மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், கண்ணாடி போட்டவள், எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவள். கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிறவர்களின் சிறுநீரைச் சோதிக்கிறோம், விருப்பம் இருந்தால் தாருங்கள் என்று கேட்டாள். நாம் அன்றாடம் தொடுகிற, தின்கிற, பூசுகிற சாமான்களிலிருந்து, பிளாஸ்டிக் டப்பா, டின்னின் உள்பூச்சு, வாசனைக் கிரீம் என்று எல்லாவற்றிலிருந்தும், கண்ணுக்குத் தெரியாமல் துளித்துளியாக ரசாயனம் உடம்புக்குள் போகிறதாம். போனது சிறுநீரோடு வெளியே வருகிறதாம். அதை அளந்தால் எவ்வளவு உள்ளே போனது என்று சொல்லிவிடலாமாம். கடையில் தருகிற பில்லில் மையே கிடையாது, தெரியுமா உனக்கு? சூடு பட்டால் கருக்கிற ஒரு பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. நகத்தால் ஒரு கீறு கீறிப் பார், கருப்பாகக் கோடு விழும். அந்தப் பூச்சில் பிஸ்பினால் என்று ஏதோ இருக்கிறது, நாள் முழுக்க அதைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்கிறவர்களுக்குத் தோல் வழியாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், அது உடம்பின் சுரப்புகளைக் குழப்பலாம் என்று சந்தேகம் இருப்பதால் பிள்ளை உண்டானவர்கள் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது என்று அந்தப் பெண் பயமுறுத்தாமல் சொன்னாளாம். ஆளுக்கு ஒரு பாட்டில், அதில் அவரவர் பெயர் ஒட்டியிருக்கும். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் பிடித்து, ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் கொண்டுவர வேண்டும்.

எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டிவிட்டு வந்த உன் அம்மா, அந்தப் பாட்டிலைப் பைக்குள் பை, அதற்குள் ஒரு பை என்று திருட்டு நகை மாதிரி கொண்டுவந்தாள். வந்த பிறகு முடியவே முடியாது என்று ஒரே பிடிவாதம். பாலுக்குப் பக்கத்துல அதைக் கொண்டுபோய் வைக்கறதா, நான் செத்தாலும் மாட்டேன் என்றாள். எல்லாரும் குடுக்கறப்ப நீ மட்டும் குடுக்கலைன்னா தனியாத் தெரியாதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டிலை என் கையில் திணித்து, நீங்களே பிடிச்சு வைங்க, யாருக்குத் தெரியப்போகுது என்றாள். அடுத்தவர் வீட்டுக் கழிவுக் குழாயில் கையைவிட்டே காலம் தள்ளியவன் நான், எனக்கென்ன கூச்சம்? இந்தக் குழாய் விஷயம் ஒன்றைத் தவிர அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை என்பது உனக்கே தெரியும். நிரப்பிக் கொடுத்துவிட்டேன். சிரிக்காதே.

பின்னால் முடிவு வந்தது. கல்லாவில் இருக்கிற மற்றவர்களுக்கெல்லாம் அளவு கூடுதல். உன் அம்மாவுக்கு மட்டும், தெருவில் போகிற யாருக்கும் இருக்கக்கூடிய அளவைவிடக் குறைவு. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட முதல் ரேங்க் வாங்காத எனக்கு இந்த வயதில் இப்படி ஒரு பெருமை. இரண்டு நாள் நான் தரையிலேயே நடக்கவில்லை. ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. அம்மாவுக்குப் பக்கத்துக் கல்லாவில் ஒரு பெண் இருக்கிறாள், சிட்டு என்று கூப்பிடுவார்கள், பேருக்கேற்ற மாதிரி சின்ன உருவம், இப்போது ஏழாம் மாதம். இந்தத் தாளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிரசவம் ஆகும்வரை என்னை வேறு வேலைக்காவது மாற்றுங்கள் என்று அவள் மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் உன் அம்மாவின் முடிவுத்தாளை எடுத்து நீட்டி, இங்க ரொம்ப வருஷமா பில் போடறது இந்த அக்காதான், அவங்களுக்கே ஒண்ணும் இல்லை பாருங்க, உங்க வீட்டுல டின் சாப்பாடு சாப்பிட்டா அதுக்குக் கடை என்ன பண்ணும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் சிட்டு நம் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே, அக்கா, நீங்க கைக்கு என்ன சோப்பு போடறீங்க, எனக்கும் சொல்லுங்க, நானும் அதையே போடறேன் என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நிஜமாகவே கேட்டாள். சாதாரண சோப்புதாம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டு உன் அம்மா சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்தாள். நான் என் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே, விடு, இதெல்லாம் ரெண்டு நாள்ல அடங்கிடும் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்தப் பொண்ணு வயித்துல இருக்கற பிள்ளைக்கு எதிரா நம்ம பொய் போய் நிக்குது, உங்களுக்கு எப்படிங்க சாப்பாடு இறங்குது என்றாள். அதற்கப்புறம் எனக்கும் இறங்கவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்துப் பெண் முடிவுகளை விளக்கிச் சொல்லக் கடைக்கு வந்திருந்தாள். சாப்பாட்டு அறையில் மேனேஜர் உட்பட எல்லாரும் உட்கார்ந்திருக்க, உன் அம்மா எழுந்து நின்றாளாம். தெருவில் யாராவது நேரம் கேட்டாலே தலையைக் குனிந்துகொண்டு பதில் சொல்கிறவள். அந்தப் பாட்டில்ல இருந்தது என்னோடது இல்லைங்க, என் வீட்டுக்காரரோடது, அவர் ஆயுசுல ஒரு பில்லைக்கூடக் கையால தொட்டதில்லை, அந்தக் கணக்கை வெச்சு இந்தப் பொண்ணுக்கு இல்லைன்னு சொல்லாதீங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.  முதலில் சிரித்தது சிட்டுதானாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம், அப்புறம் அறையே சிரித்ததாம். மேனேஜர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். ஆய்வுக்கூடத்துப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை, பழைய முடிவை அடித்துவிட்டு வேறு பாட்டில் கொடுத்து, இந்தத் தடவை நீங்களேம்மா என்று மட்டும் சொன்னாளாம். அதற்குப் பிறகு என் பாடுதான் திண்டாட்டம். இரும்புச் சாமான் கடைக்குள் நான் நுழைந்தாலே, வழி விடுங்கப்பா, சுத்தமான ஆள் வர்றார் என்கிறார்கள்.

இந்தத் தடவை அவளே பிடித்துக் கொடுத்தாள், பாலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, பால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முடிவை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னதால் நானும் கூடப் போனேன். சின்ன அறை, தட்டுத் தட்டாகப் பெயர் ஒட்டிய பாட்டில்கள், மூலையில் ஒரு மிஷின் முனகிக்கொண்டே இருந்தது. உன் அம்மாவின் அளவுதான் கடையிலேயே அதிகம். கையில் கிரீம் தடவிக்கொண்டு, சானிடைசர் போட்ட ஈரம் காயும் முன்பே பில்லைத் தொடுவதால் தோல் வாரி இழுத்துக்கொள்கிறது என்று அந்தப் பெண் விளக்கினாள். இந்த எண் வியாதியைச் சொல்லவில்லை, உள்ளே போயிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது, தொடுவதை நிறுத்தினால் ஓரிரு நாளில் உடம்பே வெளியே தள்ளிவிடும் என்றும் சொன்னாள். அப்பாடா என்று நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். வேற ஏதாவது கேக்கணுமாம்மா என்று அவள் கேட்டாள். முட்டிவலியைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன்.

உன் அம்மா கேட்டது இது. முப்பது வருஷத்துக்கு முன்னாடியும் நான் கல்லாவுலதாம்மா இருந்தேன், எம் பொண்ணு வயித்துல இருந்தா, வலி எடுத்த அன்னிக்கு வரைக்கும் பில் போட்டேன், அவ மாசத்துக்கு முன்னாடியே பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தா, சின்ன வயசு முழுக்க மூச்சிரைப்பு, அது என் கையால வந்ததாம்மா என்று கேட்டாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாட்டிலை என் கையில் திணித்தது கூச்சத்தினால் இல்லை, கண்ணு. எண் பெரிதாக வந்துவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டுமே என்ற பயம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை, அடுத்த வீட்டுக் குழாய் எங்கே கசிகிறது என்று சுவரைத் தட்டியே சொல்லிவிடுவேன்.

அந்தப் பெண் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். குழந்தை ஏன் முன்னாடியே பிறந்ததுன்னு என்னால சொல்ல முடியாதும்மா, இந்தப் பாட்டில் நேத்திக்கும் இன்னிக்கும் உள்ள போனதை மட்டும்தான் காட்டும், முப்பது வருஷத்தைக் காட்டாது என்றாள். பிறகு, அப்ப உங்ககிட்ட இருந்த பில் மிஷின் எப்படி இருக்கும் என்று கேட்டாள். கடகடன்னு சத்தம் போடும்மா, அடிக்கடி ரிப்பன் மாத்தணும், விரலெல்லாம் ஊதா மை ஒட்டிக்கும், வீட்டுக்கு வந்து பாப்பாவைத் தூக்கினா துணியெல்லாம் ஊதா ஆயிடும் என்றாள் அம்மா. அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அது சாதாரணத் தாளும்மா, எழுத்து ரிப்பன்ல இருந்து வந்தது, நாங்க அளக்கறது இந்தப் பூச்சுத் தாளை, அது அப்ப உங்க கைக்கு வரவே இல்லை என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆமாம், மிஷினை மாற்றியதே நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான், அது எனக்கே ஞாபகம் வந்தது. உன் அம்மா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்துவிட்டு, வாங்க, பால் வாங்கிட்டுப் போகலாம் என்றாள்.

அம்மாவின் சரியான முடிவும் போய்ச் சேர்ந்த பிறகு, கடையில் இப்போது கேட்டவர்களுக்கு மட்டும்தான் பில், அதுவும் அந்தப் பூச்சு இல்லாத புதுத் தாளில். சிட்டு போனில் ஆர்டர் எடுக்கிற மேஜைக்குப் போய்விட்டாள், உட்கார்ந்து வேலை பார்க்கிறாள், முகம் தெளிந்திருக்கிறது. மேனேஜரும் இப்போதெல்லாம் அம்மாவைப் பார்த்தால் அவரே முதலில் வணக்கம் சொல்கிறார். அம்மாவுக்கு மறுபடி சோதித்தார்கள், அளவு என் அளவுக்கு இறங்கிவிட்டது, என் ரேங்க்குக்குப் போட்டி வந்துவிட்டது. நீயும் கொஞ்சம் கேட்டுக்கொள். காசு எடுக்கும்போது பில்லைப் பல்லில் கவ்விக்கொள்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, அதை விட்டுவிடு. சூடான சாப்பாட்டை பிளாஸ்டிக் டப்பாவில் போடாதே, மாப்பிள்ளையிடமும் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே, மாமனார் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார் என்று கேலி செய்வார். அவருடைய புது வேலை நல்லபடியாக அமையட்டும். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக, நிறைந்த ஆயுசோடு, மனம் குளிர்ந்து வாழ வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. போனில் பேசும் ஒவ்வொரு தடவையும் அம்மா உன்னிடம், மூச்சு சரியா இருக்கா, இரைப்பு ஒண்ணும் இல்லையே என்று கேட்பாள், நீயும் எனக்கு முப்பது வயசாச்சும்மா, விடு என்று எரிந்து விழுவாய். போன ஞாயிற்றுக்கிழமை அவள் அதைக் கேட்கவே இல்லை. நீ கவனித்திருக்க மாட்டாய், நான் பக்கத்திலிருந்து கவனித்தேன். இனிமேலும் கேட்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதனால் அடுத்த தடவை பேசும்போது, நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ளாமல், அவள் கேட்காமலே நீயாகச் சொல்லு, அம்மா, நான் நல்லா இருக்கேன் என்று.

இப்படிக்கு,
குழாயைச் சரிசெய்ய எழுந்துவிட்ட
உன் அப்பா