பால் மறக்க வைத்த ஓலைகள்

மழை தவறாது பெய்க; வேய்நாட்டின் மூன்று ஆறுகளும் கரை தொட்டு ஓடுக. விண்ணகம் புகுந்த பெருவேந்தரின் பட்டத்தரசியும், சென்ற தைத் திங்களில் முடிசூடிய வேழநம்பியின் தாயும், அவனுக்கு மூத்த கோமறவனைப் பெற்றவளுமாகிய நங்கைவல்லி மாதேவி, குளிர்மலை மாளிகையிலிருந்து, அவ்வேந்தருக்கு வலக்கையாயிருந்த தலைமை அமைச்சர் கண்டன் விழுப்பரையருக்கு எழுதுவித்த ஓலை. எழுதுவித்த என்பது வழக்கச் சொல். எழுத்தரை வெளியே அனுப்பிவிட்டு எழுத்தாணியை நானே பிடித்திருக்கிறேன். உம் இல்லத்தார் யாவரும் நலம் பெறுக.

சென்ற முழுநிலவன்று என் மூத்த மகன் கோமறவன் பெயரால் ஓலை வந்தது. வடவெல்லைப் பாசறையில் நலமாயிருப்பதாகவும், வேலை மிகுதியென்றும், பின்பு எழுதுவதாகவும் இரண்டே வரி. அதற்கு முந்தைய ஓலையில் ஐந்து வரி இருந்தது. சென்ற ஆண்டில் பன்னிரண்டு வரிக்குக் குறைந்ததேயில்லை. திங்கள்தோறும் வந்தது இரு திங்களுக்கொருமுறை ஆயிற்று. இனி மூன்றாகும், பிறகு ஆறாகும், பிறகு வராது. விழுப்பரையரே, நீர் என்ன செய்கிறீர் என்பது எனக்குத் தெரியும்.

என் மகன் இறந்துவிட்டான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆனைத்துறைப் போரில் இறந்தான். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நீர் எழுதிய ஓலைகளே சொல்லின.

பொறுமை என்பது கோமறவனுக்குக் கடுகளவும் கிடையாது. ஓலையில் கயிறு கோக்கத் துளையிடும்போதுகூட அவசரம். ஒருமுறையேனும் விளிம்பைக் கிழிக்காமல் அவன் அனுப்பியதில்லை. போருக்குப் பின் வந்த ஓலைகளிலோ துளை நடுவே அழகாய் அமைந்திருந்தது. கையெழுத்தை அச்சாகப் பிடித்த உம் ஆளுக்கு அந்தக் கிழிசலைப் பிடிக்கத் தெரியவில்லை. ஐயம் தீர வேண்டி ஒரு சாடி நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பினேன். தாயின் கைமணம் நாவில் நிற்கிறதென்று மறுவோலை வந்தது. நன்றாயிருக்கிறது! நான்கு வயதில் நார்த்தங்காயைத் தின்று வாந்தியெடுத்தவன், பிறகு அதன் வாடை வந்தாலே எழுந்து ஓடியவன் என் மகன். அந்த ஓலையை மடியில் வைத்துக்கொண்டு அன்று பகல் முழுதும் உட்கார்ந்திருந்தேன். 

நீர் மறைத்ததன் காரணம் அறியாதவளல்லேன். இளையவனுக்கு அப்போது பதினைந்து வயது. பட்டத்துக்கு உரியவன் வீழ்ந்தான் என்ற செய்தி எட்டியிருந்தால் பகைவர் படை மறுநாளே ஆற்றைக் கடந்திருக்கும். இந்த மாளிகையில் என் அழுகுரல் கேட்டால் அது மதிலைத் தாண்டிப் போகும் என்று நீர் அஞ்சியது சரியே. ஆதலால் நானும் வாய் திறக்கவில்லை. நீர் அனுப்பிய பொய்க்கெல்லாம் மெய்போலவே மறுவோலை எழுதினேன், சாடி சாடியாய் நார்த்தங்காயும் அனுப்பினேன். தின்றவர் நீரென்றால் உப்பு கூடிப்போனதை இப்போதாவது ஒப்புக்கொள்ளும்.

நாட்டின் பொருட்டு மட்டுமே பொறுத்தேன் என்று எழுதினால் நானும் பொய்யள் ஆவேன். முழுநிலவு நாளில் வாயிற்காவலன் ஓலை வந்தது என்று கூவும்போது, அறிந்த நெஞ்சும் அறியாததுபோல் ஒரு துள்ளு துள்ளும், ஐயா. அந்தத் துள்ளலுக்காகவே காத்திருந்தேன். மழைக்காலத்தில் தாயின் உள்ளங்கைச் சூடு நினைவுக்கு வருகிறதென்று ஓர் ஓலையில் எழுதியிருந்தீர். அரசியலுக்கு அந்த வரி தேவையில்லை. உம் தாயை நினைத்து எழுதினீரோ, என் மகனை நினைத்து எழுதினீரோ, அந்த ஒரு வரிக்காக உம்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி போயிற்று.

போன பாதி இந்த இரண்டு வரி ஓலையால் திரும்பி வந்தது. செவிலியர் இருவர் இருந்தும் கோமறவனுக்கு நானே பாலூட்டினேன்; நானே மறக்கவும் வைத்தேன். வேப்பிலை அரைத்துப் பூசச் சொன்னார்கள், மனம் வரவில்லை. முதலில் உச்சிப்பொழுதுப் பாலை நிறுத்தினேன். பத்து நாள் கழித்துக் காலைப் பாலை நிறுத்தினேன். கடைசியாக இரவுப் பாலையும் நிறுத்தினேன். நீர் எனக்குச் செய்வதும் அதுவே. முடி தம்பிக்கே ஆகட்டும் என்று அண்ணன் பெயரால் ஓலை எழுதி இளையவனுக்கு முடிசூட்டிவிட்டீர், எல்லை அடங்கிவிட்டது, பொய்க்கு இனி வேலையில்லை. ஆகவே கிழவிக்கு நோகாமல் மகனைக் கொஞ்சங்கொஞ்சமாய் மறக்க வைக்கலாம் என்று அவை கூடி முடிவு செய்திருப்பீர்கள். அன்பால் செய்தீர்கள் என்றே கொள்கிறேன். ஆனால் பால் மறந்த பிள்ளை அழுது ஓய்ந்து என் மடியிலேயே தூங்கிப்போனான். நான் அழுது ஓய்ந்தால் யார் மடியில் தலை சாய்ப்பேன்?

அழவும் எனக்கு இன்னும் உரிமையில்லை. சென்ற வாரம் வேழநம்பி என்னைக் காண வந்தான். நாடாளும் அரசன், அண்ணன் சுகமாம் அம்மா என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பாராமல் வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உயிரோடிருக்கும் பிள்ளையும் என் கண்ணைப் பார்க்க அஞ்சுகிறான். இறந்தவனுக்கோ மூன்று ஆண்டாய் ஒரு கை எள்ளும் நீரும் இல்லை. இனிப் பொறேன்.

ஆகவே பட்டத்தரசியாய் நின்று கட்டளையிடுகிறேன். கோமறவன் பெயரால் இனி ஓர் ஓலையும் எழுதப்படலாகாது. அவன் ஆனைத்துறையில் வீழ்ந்த செய்தி ஊர்தோறும் பறையறைந்து சொல்லப்படுக. வரும் அமாவாசையன்று நான் மலையிறங்குவேன். அரசன் தன் தமையனுக்கு ஆற்றில் எள்ளும் தண்ணீரும் இறைக்க, நீர் என் அருகில் நிற்பீராக. அவன் வீழ்ந்தபோது உடனிருந்தவர் எவரேனும் உயிரோடிருந்தால் அவரையும் அழைத்து வாரும். கடைசியில் அவன் வாயில் ஒரு மிடறு தண்ணீராவது யாராவது விட்டார்களா என்று நான் கேட்க வேண்டும். இல்லையென்றால் இல்லையென்றே சொல்லட்டும். மெதுவாகச் சொல்ல வேண்டாம்.

நீர் எழுதிய ஓலைகளை எரிக்கமாட்டேன். அவன் எழுதியவற்றோடு ஒரே கயிற்றில் கோத்து வைத்திருக்கிறேன்.

குளிர்மலை மாளிகையில், மாதேவியின் மூங்கில் முத்திரையிட்டுத் தந்த கட்டளை இது; வேய்நாட்டில் இதை மறுக்கும் கை எழாதிருக்க. இவ்வோலைக்குத் துளையிட்டதும் நானே. அவசரத்தில் விளிம்பு கிழிந்துவிட்டது. வேறு ஓலை எடுக்க மனமில்லை, அப்படியே அனுப்புகிறேன்.