இறங்க மறுத்த ஐந்து வால்வுகள்

புரட்டாசி 16, திங்கள்

நல்ல வெயில். மேற்கே மலைப்பக்கம் மட்டும் மேகம், கைக்குட்டை அளவு. அக்கா வீட்டு ஷெட்டில் டிராக்டர் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும் மகா யாகம் ஆரம்பம். தலைமை: பஸ் ஷெட்டில் இரண்டு வருஷம் ஸ்பானர் பிடித்த சக்கரவர்த்தியாகிய அடியேன். உதவி: அத்தான்.

ஒவ்வொரு நட்டும் ஒரு கோட்டைக் கதவு. ஸ்பானரில் தொங்கிய தொங்கலில் நான் இரண்டு அங்குலம் வளர்ந்திருப்பேன். மத்தியானம் ஹெட் கழன்று வந்தது. உள்ளே எட்டு வால்வு. மூன்று ஒழுங்கு. ஐந்து, கலெக்டர் வந்ததுபோல் எழுந்து நின்றபடி. ஹாண்டிலைச் சுற்றினால் அந்த மூன்றும் ஏறி இறங்குகின்றன, இந்த ஐந்தும் இறங்குவதாக இல்லை. வால்வு மூடினால்தான் எஞ்சின் மூச்சை அடக்கும். அடக்காவிட்டால் ஓடாது.

மாட்டியிருப்பது வால்வு மட்டுமல்ல, என் மானமும். அத்தானின் உழவு மாடுகளை, மயிலையையும் செவலையையும், விற்கச் சொன்னது நான். பட்டாளத்தார் கழித்துவிட்ட இந்த டிராக்டரை வாங்கச் சொன்னதும் நான். இருபது ஜோடி மாட்டை இது காலைப் பலகாரமாகத் தின்னும் என்று சொன்னதும் நானே. கோடையில் நன்றாகத்தான் உழுதது. ஆனியிலிருந்து ஷெட்டில் சும்மா. இப்போது குருவிகுளம் ரோட்டுக் கரிசலில் எல்லார் நிலமும் உழுதாயிற்று, அத்தானுடையது தவிர. மழை விழுந்தால் கரிசல் களியாகிவிடும், டிராக்டர் இறங்கினால் புதையும். இரவல் கேட்க ஊரில் ஒரு மாடும் ஓய்வாக இல்லை. மழைக்கு முன் இது ஓடவேண்டும். ஓடாவிட்டால் அவர்களுக்கு இந்த வருஷம் விதைப்பு இல்லை. எனக்கு அக்கா கையால் சோறு இல்லை.

சோறு போடுவாள். அதுதான் கஷ்டம்.

புரட்டாசி 17, செவ்வாய்

வால்வுத் தண்டுகளில் ராத்திரி முழுக்க சீமெண்ணெய் ஊறியது. ஊற்றிய அளவுக்கு சங்கரன்கோவில் தெருவிளக்கெல்லாம் பொங்கல் வரை எரிந்திருக்கும். அசைவில்லை. சம்மட்டி எடுக்கக் கை அரித்தது. எடுக்கவில்லை. தண்டு வளைந்தால் மதுரைக்குப் போனாலும் மாற்று கிடைக்காது. மேலே புளியங்கட்டையை வைத்துச் செல்லமாகத் தட்டல். ஐந்தும் செவிடு.

காரணம் கண்டுபிடித்து அறிவித்தேன்: கப்பலில் வந்தபோது பட்ட உப்புக்காற்று. அத்தான் தலையாட்டினார், வழக்கத்தைவிட வேகமாக.

சாயங்காலம் மாட்டுத் தரகர் சுடலை அண்ணாச்சி விஜயம். மாடுகளை விற்றுக்கொடுத்தவர். "என்ன வே, உம்ம யானை எந்திரிச்சிட்டா?"

தியானத்தில் இருப்பதாகச் சொன்னேன். மயிலையும் செவலையும் வாசுதேவநல்லூரில் குளத்து வயல் உழுவதாக, கொழுத்துப்போய் இருப்பதாக, அத்தானைப் பார்த்துக்கொண்டே செய்தி வாசித்தார். அத்தான் துண்டை உதறிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மேகம் இப்போது வேஷ்டி அளவு. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, தேவாமிர்தம்.

புரட்டாசி 18, புதன்

இன்று நடந்ததை எழுதக் கை பரபரக்கிறது. வரிசையாக எழுதவேண்டும்.

பஸ் ஷெட்டில் தீ பீச்சும் ஊதுவிளக்கு இரவல். சீமெண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் சூடு காட்டினேன். ஆனாலும் மிச்சம் மீதி பற்றி, குப்பென்று ஒரு ஜுவாலை. கோபுர உயரம். என் மீசையின் இடது மாகாணம் போயிற்று. அதை விடு. அடுத்து எழுந்தது ஒரு வாசனை.

அடுக்களையிலிருந்து அக்கா: "ஏலே, எவன் வீட்டுல எள்ளுருண்டை பிடிக்கான்?"

குனிந்து மோந்தேன். வால்வுத் தண்டைச் சுற்றிக் கறுப்பாக, பளபளவென்று ஒரு பூச்சு. பலகாரச் சட்டி விளிம்பில் ஏறிய பிசுக்கேதான். உப்புக்காற்றில் எள் வாசனை ஏது? நிமிர்ந்து அத்தானைப் பார்த்தேன். அவர் ஷெட்டுக் கூரையை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சக்கரத்துக்குப் பின்னால் மூங்கில் கொட்டம். மாட்டின் வாயைத் தூக்கிப் பிடித்து மருந்தும் நல்லெண்ணெயும் புகட்டுவாரே, அதே கொட்டம். மாடு போய் ஆறு மாசமாகிறது. கொட்டத்தின் வாயில் எண்ணெய் காயவில்லை.

"அத்தான்?"

"சும்மா நிக்குதேன்னு மனசு கேக்கல மாப்ளே. கோடை பூரா உழைச்ச உடம்பு. வயிறு காந்துமேன்னு, அந்த பிளக்கக் கழத்தி, தொளையில ஒரு கொட்டம் ஊத்தினேன்."

"ஒரு கொட்டமா?"

"சனிக்கிழமைக்கு ஒண்ணு."

ஒரு சனிக்கிழமையும் விடவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. என் மூளை சுற்ற ஆரம்பித்தது. பிளக்குத் துளைக்கு நேர் கீழே வால்வு. ஊற்றிய எண்ணெய் அங்கேதான் போய் நிற்கும். நானோ, வீட்டுக்கு யார் வந்தாலும் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஐந்து நிமிஷம் ஓட்டிக்காட்டி பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஊற்றினார், நான் வறுத்தேன்.

திருநெல்வேலி ஜில்லா முழுக்கக் கேட்கும்படி ஒரு சிரிப்பு கிளம்பியது. அத்தான் அந்தக் கொட்டத்தை எடுத்து வேஷ்டி மடிப்புக்குள் ஒளிக்கப் பார்த்தார். முழ நீளக் கொட்டம், ஒளியுமா? சிரிப்பு ஆறாவது வால்வாகத் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து அக்கா கரண்டியோடு வாசலில். "சாடியில எண்ணெ எறங்கிக்கிட்டே போச்சு. நீதான் தலையில தேச்சியாலே?"

"ஆமாக்கா. என் மயிரு ஒண்ணொண்ணும் ஒரு படி குடிக்கும்."

என் தலையைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். ராத்திரி எனக்கு அப்பளம் ஒன்று கூடுதலாக விழுந்தது.

புரட்டாசி 19, வியாழன்

நோய் தெரிந்தபின் வைத்தியம் கஷ்டமா? எள் பிசுக்கு சீமெண்ணெய்க்கு மசியாது, சூட்டுக்குத்தான் இளகும். ஒவ்வொரு வால்வாகச் சூடு காட்டு, இளகியதும் கட்டையால் தட்டு, அத்தான் ஹாண்டிலைச் சுற்றினால் எஞ்சின் அதை அடியிலிருந்து தள்ளி மேலே தூக்கும், மறுபடி தட்டு. நான் இறக்க, அவர் ஏற்ற. தவிலும் நாயனமும் தோற்றன.

முதல் வால்வு மயிரிழை அசைந்தது. பிறகு அரை அங்குலம். பிறகு சடக். தன் ஸ்பிரிங் இழுத்து தானே போய் உட்கார்ந்தது. அத்தான் ஹாண்டிலை விட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். விலா எலும்பு இரண்டு இடம் மாறியது.

அந்தி சாய்வதற்குள் ஐந்தும். வெளியே எடுக்கும்போது ஒரு ஸ்பிரிங் தெறித்து கோமதியம்மன் சன்னதிப் பக்கம் பறந்தது. கண்டெடுத்தது வைக்கோல்படப்பில். தண்டுகளை அக்கா கேட்காமலே வாங்கிப்போய் சவுக்காரமும் தேங்காய் நாரும் போட்டு வெள்ளி ஆக்கிவிட்டாள்.

மேற்கே இடி. மேகம் இப்போது மேலுலகத்தின் ஜமக்காளம்.

புரட்டாசி 20, வெள்ளி

விடியற்காலையே வேலை. வால்வு உட்காரும் இடங்களை அரைக்கும் பசை தடவித் திருகித் திருகிப் பதப்படுத்தல். மாட்டினோம். ஹெட் ஏறியது. ஹாண்டிலைச் சுற்றினேன்.

ஒன்றுமில்லை. மறுபடி. ஒரு தும்மல். மறுபடி. டமார். குழாயில் கரும்புகை. சங்கரன்கோவில் முழுக்க எள் மணம். பிறகு தட தட தடவென்று ஒரே சீர். சொர்க்கம் என்றால் இந்தச் சத்தம்தான்.

அத்தான் டிராக்டரின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "எளைப்புத் தெளிஞ்சிட்டு மாப்ளே."

சத்தம் கேட்டு சுடலை அண்ணாச்சி ஓடிவந்தார். மூக்கை உறிஞ்சினார். "உள்ள என்னத்த வே மாட்டிக்கிட்டு இருந்தது? எள்ளு வாசமால்ல இருக்கு?"

அத்தான் தரையைப் பார்த்தார்.

ஜெர்மன்காரன் குண்டில் நிரப்பும் மருந்து அண்ணாச்சி, யுத்தத்தில் உள்ளே புகுந்தது, அதற்கு வாசனை இப்படித்தான், மோந்தவர்கள் பதினைந்து நாள் தும்முவார்கள் என்றேன். அண்ணாச்சி மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு மூன்று எட்டு பின்னால் போனார். நாளைக்கு இளையரசனேந்தல் வரை இந்தச் செய்தி போயிருக்கும். போகட்டும்.

நேராகக் கரிசலுக்கு. இருட்டும்வரை உழவு. பாதி ஆயிற்று.

புரட்டாசி 21, சனி

மீதியும் முடிந்தது. கடைசிச் சால் திரும்பும்போது முதல் துளி, மூக்கு நுனியில். புளியங்காய் அளவு. ரோட்டில் ஏறியதும் வானம் இடிந்து விழுந்தது. நனைந்துகொண்டே, கத்திக்கொண்டே வந்தோம். அக்கா வாசலில் நின்று சிரித்தாள்.

டிராக்டரை ஷெட்டில் விட்டாயிற்று. தலை துவட்டிவிட்டுத் திரும்பினால் அத்தான், கையில் கொட்டம்.

"மழைக்காலம் பூரா சும்மாதான நிக்கும் மாப்ளே. எந்த எண்ணென்னு நீயே சொல்லு."

பஸ் ஷெட்டிலும் இதைத்தான் செய்வார்கள். வெகுநாள் நிறுத்தும் எஞ்சினுக்கு உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டுத்தான் வைப்பார்கள், எஞ்சின் ஆயில். சக்கரவர்த்திக்கு அது மறந்துபோயிருந்தது. அத்தான் எண்ணெயில்தான் தவறினாரே தவிர வேலையில் அல்ல. ஆயில் தகரத்தைத் திறந்து கொட்டத்தில் ஊற்றினேன். அத்தான் துளைக்கு ஒரு மடக்காகப் புகட்டினார். அவர் இடது கை எஞ்சின் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தது.

"குடி ராசா," என்றார்.

நான் ஹாண்டிலை மெதுவாகச் சுற்றிக்கொடுத்தேன்.