முதலாளி வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

முதலாளி ஒரு பழங்காலத்து ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அவர் ஓட்டினால் கியரே விழவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். வித்தை காட்டுகிறவன் மாதிரி, வழியில் ஒருமுறைகூட அணையவிடாமல் வீட்டுக்கு ஓட்டிவந்தேன். முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"உன் கைக்குத்தான்யா இது அடங்குது. இப்ப நீ ஊருக்குப் போனா இத யாரு பாக்குறது? லீவெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. தலையாட்டினேன்.

கவலைப்படாதே, கார் ரொம்ப அழகு. பாப்பாவுக்கு வாங்கிவைத்த செருப்பு இனிமேல் அவள் காலுக்குச் சேராது. காகிதத்தில் அவள் காலை வைத்து மறுபடி வரைந்து அனுப்பு. ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன். பாப்பா காலை வரையும்போது கோட்டைக் காலை ஒட்டிப் போடாதே, கொஞ்சம் தள்ளியே போடு.